கடையா? கடனா? கரகரத்த லேப்டாப்!

காலை ஏழு மணிக்கு போன்.

"சார், அந்த மெஸ் கட்டுரை எழுதினது நீங்கதானே?"

"ஆமாம்" என்றேன் உற்சாகமாக. பாராட்டப் போகிறார் என்று நினைத்துவிட்டேன். காலை ஏழு மணிக்கு எவனும் எவனையும் பாராட்டுவதில்லை என்பது தூக்கக் கலக்கத்தில் உறைக்கவில்லை.

"எங்கப்பா எனக்குக் கடன் குடுத்துட்டு உக்காந்திருக்கார்னு போட்டிருக்கீங்களே. எப்ப சார் குடுத்தார்? எவ்வளவு குடுத்தார்? என் மாமனார் வீட்லேர்ந்து மட்டும் அஞ்சு பேர் போன் பண்ணிட்டாங்க!"

தூக்கம் முழுசாகக் கலைந்தது.

விஷயம் இதுதான். திருவல்லிக்கேணியில் மெஸ் நடத்தும் ஒரு பெரியவரைப் பேட்டி கண்டு கட்டுரை எழுதியிருந்தேன். பேசுவதை செல்போனில் பதிவு செய்து, வீட்டுக்கு வந்து லேப்டாப்பில் ஏற்றி, கேட்டுக் கேட்டு எழுதுவது என் வழக்கம். என் காதில் விழுந்தது இது: "மூத்தவனுக்குக் கடனக் குடுத்துட்டு உக்காந்திருக்கேன்." எழுதினேன். அச்சில் வந்துவிட்டது.

"அவர் கடையத்தான் சார் எனக்குக் குடுத்தார். கடன் இல்லை. வெளியாள்கிட்ட என்னைப் பத்தி இப்படிச் சொல்லியிருக்காரேன்னு நான் ரெண்டு நாளா அவரோட பேசலை. அவர், நான் சொல்லவேயில்லைங்கறார். யார் சொல்றது நிஜம்?"

யோசித்துப் பாருங்கள். 'கடையைக் கொடுத்துவிட்டு உட்கார்ந்திருக்கிறேன்' என்றால் நிம்மதியான ரிடையர்மென்ட். 'கடனைக் கொடுத்துவிட்டு உட்கார்ந்திருக்கிறேன்' என்றால் பிள்ளை பட்டை நாமம் போட்டுவிட்டான் என்று அர்த்தம். நடுவில் இரண்டே இரண்டு எழுத்து!

மெதுவாகத் திரும்பி, மேஜை மேல் சாதுவாக உட்கார்ந்திருந்த லேப்டாப்பைப் பார்த்தேன். அதுவும் என்னைப் பார்த்தது.

வீட்டில் ஒரு முதியோர்

2016-ல் வாங்கிய லேப்டாப். மனிதக் கணக்கில் அதற்கு இப்போது எண்பது வயது இருக்கும். கீ-போர்டில் இரண்டு எழுத்து அழிந்துவிட்டது. சார்ஜரைப் பிடுங்கினால் இருபது நிமிஷத்தில் உயிரை விடும். இதெல்லாம் பொறுத்துக்கொள்ளக்கூடிய வயோதிகம். பொறுக்க முடியாதது அதன் குரல்தான். சில நாள் பாடும். சில நாள் மௌன விரதம். பாடுகிற நாட்களிலும் யாராவது அழுத்திப் பேசினால் 'கர்... கர்...' என்று தொண்டையைச் செருமும்.

ஹெட்போன் போட்டுக்கொண்டு கேட்டிருக்கலாமே என்பீர்கள். போட்டால், வீட்டில் கூப்பிடுவது காதில் விழாது. விழாவிட்டால் என்ன ஆகும் என்பதைக் கல்யாணமான வாசகர்கள் மற்றவர்களுக்கு எடுத்துச் சொல்லவும்.

போன மாதம் இதை ஒரு பெரிய சர்வீஸ் சென்டருக்குத் தூக்கிக்கொண்டு போனேன். ஏ.ஸி. ரூம், டோக்கன், டை கட்டிய பையன். நாலு நாள் வைத்திருந்துவிட்டு, துக்கச் செய்தி சொல்லும் டாக்டர் மாதிரி முகத்தை வைத்துக்கொண்டார்.

"மதர்போர்டு போயிருச்சு சார். 11,500 ஆகும். எக்ஸ்சேஞ்ச்ல புதுசாவே போயிருங்களேன்?"

பரிசோதனைக் கட்டணம் 350 ரூபாயை மட்டும் அழுதுவிட்டுத் திரும்பி வந்தேன். மாதக் கடைசி வேறு. அப்படியே ஓட்டிக்கொண்டிருந்தேன். அதன் பலன்தான் இந்த ஏழு மணி போன்.

நான் படித்த படிப்பு

எலெக்ட்ரானிக்ஸுக்கும் எனக்கும் ஸ்நானப் பிராப்தி கிடையாது. படித்தது பி.காம். ஆனால் அன்றைக்குக் கைகொடுத்தது அதுதான்.

ட்ரையல் பேலன்ஸ் இடித்தால் லெட்ஜரைத் தூக்கி எறிய மாட்டோம். பாதியாகப் பிரிப்போம். தப்பு இந்தப் பக்கமா, அந்தப் பக்கமா? அந்தப் பக்கம் என்றால் அதையும் பாதியாக்கு. கடைசியில் ஒரே ஒரு வரியில் திருடன் கையும் களவுமாக அகப்படுவான். இன்னொன்றும் வாத்தியார் சொல்லிக் கொடுத்திருக்கிறார்: ஒரு தப்பை இன்னொரு தப்பு மறைத்துக்கொண்டிருக்கும், ஜாக்கிரதை! 'காம்பன்ஸேட்டிங் எர்ரர்' என்று பரீட்சையில் ஐந்து மார்க்குக்கு வரும். இது எவ்வளவு பெரிய உண்மை என்பது எனக்கு அப்போது தெரியாது.

லேப்டாப் சத்தத்தில் சந்தேகப்படும் ஆசாமிகள் மொத்தம் நாலு பேர். ஒன்று, ஸாஃப்ட்வேர். இரண்டு, மதர்போர்டு. மூன்று, ஹெட்போன் செருகும் ஓட்டை. நான்கு, ஸ்பீக்கர். சர்வீஸ் சென்டர் பையன் நாலு பேரில் அதிக விலை உள்ளவரைப் பிடித்து உள்ளே போட்டுவிட்டார்.

முதல் சோதனைக்கு மாடி வீட்டு காலேஜ் பையனிடம் ஹெட்போன் கடன் வாங்கினேன். (ஆமாம், இது நிஜமாகவே கடன்!) செருகிக்கொண்டு பெரியவரின் பேட்டியைப் போட்டேன்.

"மூத்தவனுக்குக் கடையக் குடுத்துட்டு உக்காந்திருக்கேன்..."

சந்தேகமே இல்லை. கடையேதான். கோயில் மணி மாதிரி கணீரென்று கேட்டது. அதற்குப் பிறகு ஒரு கரகரப்பு வரும். பெரியவர் இருமுகிறார் என்று நினைத்து அதை விட்டிருந்தேன். அது இருமல் இல்லை. தணிந்த குரலில் இன்னொரு வாக்கியம். அது என்ன என்பதைக் கடைசியில் சொல்கிறேன்.

உடனே மகனுக்கு போன் செய்து மன்னிப்புக் கேட்டேன்.

"இப்ப நீங்க அப்படித்தான் சார் சொல்வீங்க. சமாதானம் பண்றீங்க" என்று வைத்துவிட்டார்.

சரி, விஷயத்துக்கு வருவோம். ஹெட்போனில் நன்றாகக் கேட்கிறது என்றால் என்ன அர்த்தம்? மதர்போர்டில் சத்தத்தை உண்டாக்கும் சிப் உயிரோடு இருக்கிறது. 11,500 ரூபாய் குற்றச்சாட்டு பாதி தள்ளுபடி! (பெரும்பாலான லேப்டாப்களில் அந்த சிப் ரியல்டெக் என்ற தைவான் கம்பெனியுடையது. 1987-ல் ஆரம்பித்த கம்பெனி. நண்டுதான் அதன் சின்னம். உங்கள் கம்ப்யூட்டரில் எங்கேயாவது ஒரு நண்டுப் படத்தைப் பார்த்துப் பயந்திருந்தால், காரணம் இதுதான்.)

மௌன விரதத்தின் ரகசியம்

ஹெட்போனைப் பிடுங்கினேன். சத்தமே இல்லை. திரும்பவும் மௌன விரதம்!

திரையின் மூலையில் உள்ள ஸ்பீக்கர் படத்தை க்ளிக் செய்தேன். 'ஹெட்போன்' என்றே காட்டியது. பிடுங்கிய பிறகும்!

ஹெட்போன் ஓட்டைக்குள் பிளக் வந்திருக்கிறதா, போய்விட்டதா என்று கண்டுபிடிக்க ஒரு குட்டி ஸ்விட்ச் உண்டு. பிளக் நுழைந்தால் ஸ்பீக்கரை அணைக்கும். எடுத்தால் திரும்பப் போடும். வருஷக்கணக்காகத் தூசியும் ஈரமும் சேர்ந்தால் அது ஒட்டிக்கொள்ளும். இல்லாத ஹெட்போனை இருப்பதாக நினைத்துக்கொண்டு லேப்டாப் வாயை மூடிக்கொள்ளும்.

வைத்தியம் சுலபம். பிளக்கைப் பத்துப் பதினைந்து தடவை செருகிச் செருகி எடுங்கள். போகவில்லை என்றால் லேப்டாப்பை அணைத்துவிட்டு, மெல்லிய குச்சியில் பஞ்சு சுற்றி, ஐஸோப்ரொப்பைல் ஆல்கஹாலில் லேசாக நனைத்துத் துடைத்துக் காயவிடுங்கள். குண்டூசி, தேங்காய் எண்ணெய், வாயால் ஊதுவது எல்லாம் கூடாது. ஊதினால் எச்சில்தான் உள்ளே போகும். ஸ்விட்ச் சுத்தமானதும் ஸ்பீக்கர் படத்துக்குப் பக்கத்தில் 'ஸ்பீக்கர்ஸ்' என்று வந்தது. விரதம் முடிந்தது. ஒரு திருடன் சரண்டர்!

ஆனால் 'கர்... கர்...' போகவில்லை.

பென் டிரைவ் பஞ்சாயத்து

அடுத்து ஸாஃப்ட்வேர். இதில் செலவே இல்லாமல் பார்க்கக்கூடியவை சில உண்டு. கன்ட்ரோல் பேனலில் 'ஸவுண்ட்' போய், 'ஸ்பீக்கர்ஸ்' மேல் க்ளிக் செய்து 'ப்ராப்பர்ட்டீஸ்' எடுங்கள். 'என்ஹான்ஸ்மென்ட்ஸ்' என்று சத்தத்துக்கு மசாலா தடவும் சமாசாரம் இருந்தால் எல்லாவற்றையும் நிறுத்துங்கள். பழைய ஸ்பீக்கருக்கு மசாலா ஆகாது. 'லெவல்ஸ்' பக்கத்தில் 'பாலன்ஸ்' என்று இருக்கும். இடதும் வலதும் ஒரே எண்ணில் இருக்கிறதா பாருங்கள். 'கம்யூனிகேஷன்ஸ்' என்று ஒரு பக்கம் உண்டு. நீங்கள் வீடியோ காலில் இருந்தால் மற்ற சத்தங்களை 80 சதவீதம் குறைத்துவிடு என்று அங்கே ஒரு உத்தரவு இருக்கும். சொல்லாமலேயே இருக்கும்! 'ஒன்றும் செய்யாதே' என்று மாற்றிவிடுங்கள்.

விண்டோஸ் அப்டேட் ஆன மறுநாள் சத்தம் கெட்டுப்போனதா? 'டிவைஸ் மேனேஜர்' போய் ஆடியோ டிரைவரைப் பழைய பதிப்புக்குத் திருப்பலாம். அல்லது லேப்டாப் தயாரித்த கம்பெனியின் தளத்திலிருந்து அந்த மாடலுக்கென்றே உள்ள டிரைவரை இறக்கிப் போடலாம். 'டிரைவர் சரி செய்து தருகிறோம்' என்று கண் சிமிட்டும் விளம்பர ஸாஃப்ட்வேர்களை மட்டும் வீட்டுக்குள் விடாதீர்கள்.

எல்லாம் செய்தேன். 'கர்ர்ர்...' முன்பைவிட ஜோராக வந்தது! பழுது பார்த்ததால் பழுது அதிகமான முதல் கேஸ் என்னுடையதாகத்தான் இருக்கும் என்று நினைத்தேன்.

அப்போதுதான் மாடி வீட்டுப் பையன் சொன்னான்:

"அங்கிள், பென் டிரைவ்ல உபுண்டு போட்டுப் பாருங்க."

உபுண்டு என்பது விண்டோஸுக்குப் பதிலாக ஓடும் இலவச லினக்ஸ். அதைப் பதிந்த பென் டிரைவைச் செருகி லேப்டாப்பை ஆன் செய்தால், உள்ளே இருக்கும் விண்டோஸைத் தொடாமல், பென் டிரைவிலிருந்தே ஓடும். 'இன்ஸ்டால்' வேண்டாம், 'ட்ரை' போதும். (பதியும்போது பென் டிரைவில் இருக்கும் மற்ற எல்லாம் அழிந்துவிடும். கல்யாண போட்டோ இருந்தால் முதலில் எடுத்துவிடுங்கள். வாழ்க்கை முக்கியம்!)

இது ஏன் உசத்தியான சோதனை என்றால், இங்கே ஸாஃப்ட்வேர் முழுக்க வேறு. டிரைவர் வேறு. இதிலும் அதே கரகரப்பு வந்தால் விண்டோஸ் நிரபராதி. வரவில்லை என்றால் விண்டோஸ்தான் குற்றவாளி.

வந்தது. அச்சு அசல் அதே 'கர்...'

ஆக, சிப் நிரபராதி. ஸாஃப்ட்வேர் நிரபராதி. ஓட்டை திருந்திவிட்டது. மிச்சம் ஒரே ஆள்.

பாய் கடையில்

பெரிய தெருவுக்குப் பின்னால் ஒரு சந்தில் பழைய ரேடியோ மெக்கானிக் ஒருவர் கடை. எழுபது வயதுக்கு மேல் இருக்கும். எல்லோரும் 'பாய்' என்பார்கள். வால்வு ரேடியோவில் ஆரம்பித்து இன்று மிக்ஸி வரை வந்திருக்கிறார்.

"பாய், லேப்டாப் பார்ப்பீங்களா?"

"லேப்டாப் தெரியாது தம்பி. ஸ்பீக்கர் தெரியும். கொண்டா."

முதலில் டச்-பேட் உப்பியிருக்கிறதா என்று தடவிப் பார்த்தார். உப்பியிருந்தால் உள்ளே பேட்டரி வீங்கியிருக்கிறது என்று அர்த்தமாம். அதை வீட்டில் திறந்து விளையாடக்கூடாது. குத்துப்பட்டால் நெருப்பே வரும். என்னுடையது சமதளம். பிறகு ஒரு காகிதத்தில் லேப்டாப்பின் அடிப்பக்கத்தைப் படமாக வரைந்து, கழற்றிய ஒவ்வொரு ஸ்க்ரூவையும் படத்தில் அதே இடத்தில் வைத்தார்.

"எல்லா ஸ்க்ரூவும் ஒரே நீளம் இல்ல தம்பி. குட்டை இருந்த எடத்துல நெட்டைய முடுக்கினா போர்டுல குத்திரும். பாதி லேப்டாப் சாகறது இப்படித்தான்."

அடுத்து பேட்டரி இணைப்பைக் கழற்றினார். அதற்கப்புறம்தான் ஸ்பீக்கரில் கை. இடது ஒன்று, வலது ஒன்று. தீப்பெட்டியைவிடச் சின்னது. மெல்லிய ஒயர். போர்டில் ஒரு குட்டிக் கனெக்டர். சால்டரிங்கூட வேண்டாம். பிடுங்கினால் வந்துவிடுகிறது!

பாய் கடிகாரத்திலிருந்து ஒன்றரை வோல்ட் பேட்டரியை எடுத்தார். ஸ்பீக்கர் ஒயர் இரண்டையும் அதில் ஒரு கணம் தொட்டு எடுத்தார். இடது ஸ்பீக்கர் 'டக்' என்றது. வலது 'டர்ர்' என்றது.

"உயிர் இருக்கு. ஆனா ஓரம் கிழிஞ்சிருச்சு."

மல்ட்டிமீட்டர் வைத்தார். இரண்டுமே நாலு ஓமுக்குக் கொஞ்சம் குறைவாகக் காட்டின. நாலு ஓம் ஸ்பீக்கருக்கு அதுதான் சரி. காயில் அறுந்திருந்தால் மீட்டர் ஒன்றுமே காட்டாது.

ஸ்பீக்கர் என்பது சுலபமான தத்துவம் என்றார் பாய். காந்தத்துக்கு நடுவே ஒரு காயில். காயிலோடு ஒட்டிய ஒரு சவ்வு. மின்சாரம் ஆட ஆட, காயில் ஆடும், சவ்வு காற்றைத் தள்ளும். 1925-ல் அமெரிக்காவில் ஜெனரல் எலெக்ட்ரிக் கம்பெனியின் ரைஸ், கெல்லாக் என்ற இருவர் வெளியிட்ட அமைப்பு. நூறு வருஷம் ஆகியும் அடிப்படை மாறவில்லை. சவ்வின் ஓரம் கிழிந்தால் காயில் நேராக ஆடாமல் காந்தத்தில் உரசும். உரசினால் 'கர்'. அழுத்திப் பேசும் இடத்தில் அதிகம் ஆடும். அதனால் அங்கே அதிகம் 'கர்'.

"லேப்டாப்பை எங்கே வச்சு வேலை செய்வே?"

"கட்டில்ல. தலையணை மேல."

பாய் சிரித்தார். ஸ்பீக்கரின் ஓட்டை லேப்டாப்பின் அடியில் இருக்கிறது. தலையணை அதை மூடுகிறது. சத்தம் குறைகிறது. குறைகிறதே என்று நான் என்ன செய்தேன்? வி.எல்.ஸி. ப்ளேயரில் சத்தத்தை நூறு சதவீதத்துக்கு மேலேயும் ஏற்றலாம். ஏற்றினேன். வருஷக்கணக்காக ஏற்றினேன். சின்ன ஸ்பீக்கர், ஓரம் கிழிந்தது.

ஆக, முதல் தப்பு தலையணை. அது பெற்ற பிள்ளை, கிழிந்த ஸ்பீக்கர். ஹெட்போன் ஸ்விட்ச் மூன்றாவது தப்பு. ஸ்விட்ச் ஒட்டிக்கொண்ட நாட்களில் சத்தமே இல்லாததால், கிழிசல் வெளியே தெரியவில்லை. ஸாஃப்ட்வேர் மசாலாவை நீக்கியதும் சத்தம் முழுசாக வந்தது. கூடவே கரகரப்பும் முழுசாக வந்தது. என் வாத்தியார் சொன்ன ஐந்து மார்க் கேள்வி! இந்த வீட்டில் 'தலையணை மந்திரம்' வேலை செய்தது லேப்டாப்பிடம் மட்டும்தான்.

ரிச்சி தெருவும் இறுதிக் கணக்கும்

மறுநாள் அரசினர் தோட்டம் மெட்ரோவில் இறங்கி ரிச்சி தெரு. ஒரு கடையில் லேப்டாப் மாடலைச் சொன்னேன்.

"மாடல் சொல்லாதீங்கண்ணே. ஒரே மாடல்ல மூணு விதம் ஸ்பீக்கர் வருது. பழசு கொண்டாந்திருக்கீங்களா? அது மேல பார்ட் நம்பர் இருக்கும், அதைச் சொல்லுங்க."

பையில் இருந்தது. பாய் கொடுத்தனுப்பியிருந்தார். அனுபவம்!

இடது, வலது ஜோடி 480 ரூபாய். (ஒன்று மட்டும் தர மாட்டார்கள். மாற்றும்போதும் இரண்டையும் மாற்றுவதே நல்லது. இல்லாவிட்டால் ஒரு காதில் பழைய குரல், ஒரு காதில் புதுக் குரல்.) ஆல்கஹால் பாட்டில் 60. பாய் கூலி 200. அவருக்கும் எனக்கும் டீ 24. சர்வீஸ் சென்டருக்கு அழுத 350. ஆக மொத்தம் 1,114 ரூபாய். 11,500-ல் இதைக் கழித்தால் 10,386 ரூபாய் மிச்சம்!

பெருமையாக வீட்டில் சொன்னேன்.

"ரொம்ப சந்தோஷம். அந்தப் பத்தாயிரத்து முந்நூத்து எண்பத்தாறு ரூபாய் எங்கேங்க?" என்றாள்.

செலவழிக்காத பணம் எந்த பீரோவில் இருக்கும் என்று பி.காமில் சொல்லித்தரவில்லை.

ஒன்று மட்டும் நேர்மையாகச் சொல்லிவிடுகிறேன். எல்லா லேப்டாப்பும் 480 ரூபாயில் எழுந்து நடக்காது. ஹெட்போனிலும் கரகரப்பு, உபுண்டுவிலும் கரகரப்பு என்றால் போர்டில்தான் கோளாறு. அப்போதும் 11,500 அழ வேண்டாம். யு.எஸ்.பி. ஓட்டையில் செருகுகிற குட்டி ஸவுண்ட் கார்டு சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கிறது. போர்டின் சிப்பைச் சீந்தாமல் அது தானே சத்தம் போடும். இன்னொன்று: விண்டோஸ் 10-க்கு மைக்ரோஸாஃப்ட் 2025 அக்டோபர் 14-ம் தேதியோடு வழக்கமான ஆதரவை நிறுத்திவிட்டது. என்னுடையது போன்ற 2016 லேப்டாப்களை விண்டோஸ் 11 முறைப்படி சேர்த்துக்கொள்வதில்லை. அதனால் அந்தப் பென் டிரைவ் உபுண்டுவை நிரந்தரமாகக் குடிவைத்துவிடலாமா என்று யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

சாட்சி விசாரணை

அன்று சாயங்காலமே மெஸ்ஸுக்குப் போனேன். பதிவை வாட்ஸப்பில் அனுப்பியிருக்கலாம். ஆனால் மன்னிப்பை ஃபார்வர்டு செய்யக்கூடாது. தவிர, குற்றவாளியை நேரில் ஆஜர்படுத்த வேண்டாமா? லேப்டாப்பையும் தூக்கிக்கொண்டு போனேன்.

கல்லாவில் மகன். உள்ளே காய்கறி நறுக்கிக்கொண்டு அப்பா. இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்ளவில்லை.

டேபிள் மேல் (தலையணை இல்லாமல்!) லேப்டாப்பை வைத்துத் தட்டினேன். பெரியவரின் குரல் மெஸ் முழுக்கக் கேட்டது.

"மூத்தவனுக்குக் கடையக் குடுத்துட்டு உக்காந்திருக்கேன்."

மகன் தலை நிமிர்ந்தார். நான் நிறுத்தவில்லை. முன்னே இருமல் என்று நான் விட்டுவிட்ட அந்த வாக்கியம், தணிந்த குரலில் வந்தது:

"என்னைவிட நல்லாப் பாத்துக்கறான். அவன்கிட்ட சொல்லிராதீங்க, தலைக்கனம் வந்துரும்."

மெஸ்ஸில் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. அப்புறம் உள்ளேயிருந்து பெரியவர், "இதையெல்லாமா ரெக்கார்டு பண்ணுவாங்க?" என்று எரிந்து விழுந்தார். கத்தியை வைத்துவிட்டு வெளியே வரவில்லை.

மகன் கல்லாவிலிருந்து எழுந்து உள்ளே போனார். என்ன பேசிக்கொண்டார்கள் என்று கேட்கவில்லை. திரும்பி வந்தபோது கண்ணைத் துடைத்துக்கொண்டு, "வெங்காயம் சார்" என்றார். நான் பார்த்தவரை அப்பா நறுக்கிக்கொண்டிருந்தது கத்திரிக்காய்.

இலை போட்டார்கள். சாப்பிட்டேன். மோர் வரை வந்தது. எழுந்தேன்.

"எவ்வளவுங்க?"

"நூத்திப்பத்து சார்" என்றார் மகன், கல்லாவில் உட்கார்ந்தபடி.

அப்பா சொன்னது சரிதான். கடையை நன்றாகத்தான் பார்த்துக்கொள்கிறார்!